‘ஃபேர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடுவது எப்படி?

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் என் அக்காள் மகள், தன் ஆங்கிலக் கட்டுரை ஒன்றில் ‘பேருந்துக் கட்டணம்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘நியாயம்’ என்று பொருள்படும் சொல்லை எழுதியிருந்தாள். இரண்டுக்கும் ஒலி ஒன்றுதான். தமிழில் எழுதினால் இரண்டுமே ‘ஃபேர்’. திருத்திக் கொடுத்தபோது அவள் அகராதியைப் புரட்டிவிட்டு, “மாமா, பயணத்துக்குக் கொடுக்கும் காசுக்கும் சாப்பாட்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டிருக்கிறார்களே, அது எப்படி?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தேடி நாங்கள் இருவரும் சில மாலைப்பொழுதுகளைச் செலவிட்டோம். அப்போது கைக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். எந்த ஆங்கிலச் சொல்லின் பொருளையும் பிறப்பையும் தேட இது உதவும். ஆனாலும் முறையை மட்டும் தனியே சொன்னால் மனத்தில் நிற்காது என்பதால், எஃப், ஏ, ஆர், இ என்ற நான்கு எழுத்துகளால் ஆன அந்தச் சொல்லையே கடைசி வரை கையில் பிடித்துக்கொண்டு போகிறேன்.

அகராதியைத் திறப்பதற்கு முன்

முதலில் ஒரு தாளை எடுத்து, அந்தச் சொல் இன்றைக்கு எந்தெந்தப் பொருளில் வழங்குகிறது என்று நீங்கள் கேட்ட, படித்த வாக்கியங்களிலிருந்து எழுதுங்கள். பேருந்து, ரயில், விமானம், வாடகைக் கார் ஆகியவற்றில் ஏறும் மனிதர் கொடுக்கும் பணம் என்பது முதற்பொருள்; அதை அனைவரும் அறிவர். லண்டனிலோ நியூயார்க்கிலோ வாடகைக் கார் ஓட்டுபவர், வண்டியில் ஏறிய ஆளையே ‘ஃபேர்’ என்று குறிப்பிடுவார். நம் ஆட்டோ ஓட்டுநர்கள் பயணத்தையும் பயணியையும் சேர்த்தே ‘சவாரி’ என்று சொல்வதை நினைத்துக்கொண்டால் இது விளங்கிவிடும். மூன்றாவது பொருள் உணவு: உணவுவிடுதியின் உணவுப் பட்டியலுக்கு ‘பில் ஆஃப் ஃபேர்’ என்ற பெயர் ஆங்கிலத்தில் நெடுங்காலம் வழங்கியது. நான்காவதாக, அது ஒரு வினைச்சொல்லும் ஆகும். தேர்வு எழுதிவிட்டு வருபவரிடம் “ஹவ் டிட் யூ ஃபேர்?” என்று கேட்டால், “எப்படிப் போயிற்று?” என்று பொருள். அந்தத் தமிழ்க் கேள்வியில் ‘போ’ என்ற வினை இருப்பதை இப்போதே அடிக்கோடிட்டு வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பொருள்களை எழுதியபின், அந்தச் சொல்லின் எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்பதை அறிய, அது எதைக் குறிக்காது என்று பார்ப்பதே விரைவான வழி. நாம் தமிழில் ‘பஸ் சார்ஜ்’ என்று இயல்பாகப் பேசுகிறோம். ஆங்கிலத்திலோ அந்த இடத்தில் ‘பஸ் ஃபேர்’ என்பதே வழக்கு. ‘சார்ஜ்’ என்பது எந்தச் சேவைக்கும் விதிக்கப்படும் தொகை. ‘ஃபீ’ என்பது பள்ளி, வழக்கறிஞர், மருத்துவர், விண்ணப்பம் போன்றவற்றுக்கு உரியது. சாலையையோ பாலத்தையோ பயன்படுத்துவதற்கு வண்டிக்காரர் கட்டுவது ‘டோல்’. சரக்கை ஏற்றிச் செல்வதற்குக் கொடுப்பது ‘ஃப்ரெய்ட்’. இந்திய ரயில்வே பயணிகளிடம் வாங்குவதை ஒரு சொல்லாலும் சரக்குக்கு வாங்குவதை வேறொரு சொல்லாலும் குறிப்பது இந்த வேறுபாட்டினால்தான். அலுவலகத்தில் பயணப்படி கேட்டு விண்ணப்பம் எழுதுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: தங்கும் விடுதி வாடகையும் சாப்பாட்டுச் செலவும் பயணச் செலவில் அடங்கும், ஆனால் அவை ‘ஃபேர்’ ஆகா. வண்டியில் உங்கள் உடல் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டுபோகப்பட்டதற்கு நீங்கள் கொடுத்த தொகை மட்டுமே ‘ஃபேர்’.

ஒலி ஒன்றானால் உறவும் ஒன்றா?

அடுத்த வேலை, ஒத்த ஒலியுடைய அயல் சொற்களை விலக்குவது. நம் சொல்லுக்கு அப்படி இரண்டு அண்டைவீட்டார் இருக்கிறார்கள்; இருவரும் எஃப், ஏ, ஐ, ஆர் என்று எழுதப்படுபவர்கள். ஒருவர் ‘அழகிய, வெளிர்நிறமான, நியாயமான’ என்ற பொருளுடையவர். அவருடைய பழைய ஆங்கில வடிவத்துக்கு ‘அழகு’ என்பதே முதற்பொருள். மற்றவர் சந்தை, திருவிழாக் கடை என்ற பொருளுடையவர். திருநாள் என்று பொருள்படும் ‘ஃபேரியா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தவர். புத்தகக் கண்காட்சிக்குப் பெயராக வருவது இவர்தான். பயணக் கட்டணத்தைக் குறிக்கும் சொல்லுக்கு இவ்விருவரோடும் இரத்த உறவு இல்லை.

இதை எழுத்தே காட்டிக்கொடுக்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பலர் பகையாகக் கருதுகிறார்கள். எனக்கு அது பழைய ஒலிகளைப் பதப்படுத்தி வைத்திருக்கும் பெட்டகமாகவே தெரிகிறது. ஏறத்தாழ 600 ஆண்டுகளுக்கு முன்பு நம் சொல் ‘ஃபாரெ’ என்பது போல, நெடில் ஆகாரத்தோடும் ஒலிக்கும் கடைசி எகரத்தோடும் பேசப்பட்டது. மற்ற இரண்டும் ‘ஐ’ ஒலி சேர்ந்து ‘ஃபைர்’ என்பது போல ஒலித்தன. பின்னர் ஆங்கில நெடில்கள் எல்லாம் இடம்பெயர்ந்தபோது மூன்றும் ஒரே ஒலியில் வந்து சேர்ந்தன. எழுத்து மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. ஆகையால், ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள் வேறு வேறு விதமாக எழுதப்பட்டால், அவை வேறு வேறு வீட்டிலிருந்து வந்தவை என்று முதலில் ஐயப்படுங்கள். அந்த ஐயம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

பொருள்களைக் காலவரிசையில் அடுக்குதல்

இப்போது அகராதியைத் திறக்கலாம். எந்த அகராதி என்பது முக்கியம். மாணவர்களுக்கான சிறிய அகராதிகள், இன்று மிகுதியாக வழங்கும் பொருளை முதலில் போடும். அவற்றைக் கொண்டு வரலாறு காண முடியாது. வரலாற்று அகராதி என்பது ஒவ்வொரு பொருளும் எழுத்தில் முதன்முதலாக எப்போது தென்படுகிறது என்பதை ஆண்டோடும் மேற்கோளோடும் தருவது. 1884-இல் முதல் பகுதி வெளிவந்து 1928-இல் முதற்பதிப்பு முழுமையடைந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இவ்வகையில் தலையாயது. பெரிய நூலகங்களில் கிடைக்கும். பழைய ஆங்கிலத்துக்குப் பாஸ்வர்த்தும் டாலரும் தொகுத்த அகராதியும், இடைக்கால ஆங்கிலத்துக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அகராதியும் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஓராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பாதை துலங்கும்.

தாளின் இடப்பக்கத்தில் நூற்றாண்டையும் வலப்பக்கத்தில் பொருளையும் எழுதிக்கொண்டே வாருங்கள். நம் சொல்லுக்கு அப்படி எழுதினால் கிடைப்பது இது. பழைய ஆங்கிலத்தில் ‘ஃபரன்’ என்றொரு வினை இருந்தது. செல்லுதல், பயணம் செய்தல் என்பது அதன் பொருள். அதிலிருந்து இரண்டு பெயர்ச்சொற்கள் பிறந்தன. ஒன்று பயணத்தையும் பாதையையும் படையெடுப்பையும் குறித்தது. மற்றொன்று பயணத்தோடு உடன் செல்லும் கூட்டத்தையும் மூட்டை முடிச்சுகளையும் கூடக் குறித்தது. காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒரே சொல்லாயின. அப்போதெல்லாம் அதில் பணத்தின் வாடையே இல்லை. 1200-ஆம் ஆண்டை ஒட்டி, ஒருவருக்குக் கொடுக்கப்படும் உணவு என்ற பொருள் தென்படுகிறது. 15-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து வழக்கில், ஒருவரையோ ஒன்றையோ ஏற்றிச் செல்லுதல் என்ற பொருள் வருகிறது. அதையடுத்து 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், அப்படி ஏற்றிச் செல்வதற்குக் கொடுக்கும் பணம் என்ற பொருள் எழுகிறது. அதே நூற்றாண்டின் பிற்பாதியில், ஏற்றிச் செல்லப்படும் ஆள் என்ற பொருளும் சேர்ந்துகொள்கிறது.

இந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், ‘பயணம்’ எப்படிப் ‘பணம்’ ஆனது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, படி தெரிகிறது. பயணம், பிறகு ஏற்றிச் செல்லும் பயணம், பிறகு அதன் விலை. நடுவில் உள்ள படியைத் தவறவிட்டால் தாவல் பெரிதாகத் தோன்றி, கற்பனைக் கதைகளுக்கு இடம் கொடுத்துவிடும். சொற்கள் ஒரு பொருளிலிருந்து அதற்கு ஒட்டியிருக்கும் பொருளுக்கே நகர்கின்றன. தமிழ் இலக்கணம் ஆகுபெயர் என்று சொல்லும் அதே இயக்கம்தான் இது. அக்காலத்து இங்கிலாந்தில் ஆற்றைக் கடப்பதும் ஆற்றின் வழியே போவதும் அன்றாட வேலை. 1514-இல் தேம்சு ஆற்றுப் படகோட்டிகள் வாங்கும் கூலியை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது என்றால், ஏறிச் செல்வதற்கான விலை மக்களிடையே எவ்வளவு பெரிய பேச்சாக இருந்திருக்க வேண்டும் என்பது புரியும். அந்த அக்கறை பிறகும் ஓயவில்லை. 1844-இல் பிரிட்டனில் வந்த ரயில்வே சட்டம், புதிய பயணிகள் ரயில்பாதைகளில் நாள்தோறும் ஒரு ரயிலாவது மூன்றாம் வகுப்புக்கு மைலுக்கு ஒரு பென்னிக்கு மிகாத கட்டணத்தில் ஓட வேண்டும் என்று வகுத்தது. ஏழைத் தொழிலாளி ஊர்விட்டு ஊர் போவதற்கு வழிசெய்த விதிகளில் அது ஒன்று; ஒரு சொல்லின் வரலாற்றைப் படிக்கும்போது இத்தகைய மனிதர்களும் உடன் வருகிறார்கள் என்பதால்தான் இந்த வேலையில் எனக்கு இவ்வளவு ஈடுபாடு.

கூட்டுச்சொற்களில் உறைந்திருப்பதைத் தேடுதல்

ஒரு சொல் தன் பழைய பொருளைத் தனித்து நிற்கும்போது இழந்துவிட்டாலும், பிற சொற்களோடு சேர்ந்திருக்கும் இடங்களில் அதை விடாமல் வைத்திருக்கும். ஆகவே அச்சொல் முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் கூட்டுச்சொற்களை எல்லாம் திரட்டுங்கள். ‘வேஃபேரர்’ என்றால் வழிப்போக்கர்; ‘சீஃபேரர்’ என்றால் கடலோடி. ‘தரோஃபேர்’ என்பது ஊடே புகுந்து செல்லும் பெருவழி. ‘வார்ஃபேர்’ முதலில் போருக்குச் செல்லுதல், பிறகுதான் போர்த்தொழில். ‘வெல்ஃபேர்’ என்பதை நலம், நலத்திட்டம் என்று நாம் மொழிபெயர்க்கிறோம். அதன் உள்ளே இருப்பது ‘நன்றாகச் செல்லுதல்’. ‘ஃபேர்வெல்’ என்ற விடைமொழி, புறப்படுகிறவரைப் பார்த்து ‘நல்லபடியாகப் போய் வாருங்கள்’ என்று வாழ்த்துவதே அன்றி வேறில்லை. இவை எவற்றிலும் காசு இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாவற்றிலும் நடையும் போக்கும் மட்டுமே உள்ளன. காலவரிசை சொன்னதை இவை தனிச் சாட்சியாக உறுதிப்படுத்துகின்றன.

உணவு என்ற பொருளுக்கும் இங்கே விளக்கம் கிடைக்கிறது. ‘எப்படிப் போகிறது’ என்பது ‘எப்படி வாழ்கிறீர்கள்’ என்று பொருள்படும் அளவுக்கு வினை விரிந்தபின், வாழ்க்கையை ஓட்டுவதற்கு வேண்டிய பிழைப்பும் உணவும் அதே சொல்லுக்குள் வந்து அமர்ந்தன. என் அக்காள் மகள் கேட்ட கேள்விக்கு இதுவே விடை.

உறவினர்களைக் கண்டுபிடித்தல்

அடுத்தது, அண்டை மொழிகளில் உள்ள உறவுச்சொற்களைத் தேடுவது. ஜெர்மனில் ‘ஃபாரன்’ என்றால் வண்டியில் செல்லுதல் அல்லது வண்டி ஓட்டுதல். பயணச்சீட்டுக்கு ‘ஃபார்கார்ட்டெ’ என்று பெயர். டச்சு மொழியில் அதே வினை நீரில் கலம் செலுத்துவதைக் குறிக்கிறது. ஐஸ்லாந்தில் ‘ஃபாரா’ என்றால் வெறுமனே ‘போ’. ஒரே தாய்வீட்டுச் சொத்தை ஒவ்வொரு பிள்ளையும் தன் தேவைக்கு ஏற்ப வைத்துக்கொண்டிருப்பது தெரிகிறது. ஆங்கிலத்துக்குள்ளேயே ‘ஃபெரி’ என்ற சொல் உண்டு. ஆறு கடக்கும் படகைக் குறிக்கும் அது, ‘செல்லச் செய்தல், கொண்டுசேர்த்தல்’ என்ற பிறவினையிலிருந்து வந்தது. ஆற்றில் இறங்கிக் கடக்கும் துறையான ‘ஃபோர்டு’ம் இக்குடும்பமே. ஆக்ஸ்ஃபோர்டு என்றால் எருதுகள் கடக்கும் துறை.

இதற்கும் முந்தைய நிலைக்குப் போனால், அகராதியில் சொல்லுக்கு முன்னால் ஓர் உடுக்குறி (*) இடப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கிடைத்ததன்று, உறவு மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டமைத்தது என்பதே அதன் பொருள். நம் சொல்லுக்கு அப்படி மீட்டமைக்கப்பட்ட வேர், ஆங்கிலம், கிரேக்கம், சமஸ்கிருதம் முதலியவற்றின் மூலமொழியான இந்தோ-ஐரோப்பியத்தின் ‘பெர்’. கடத்தல், கொண்டுசெல்லுதல் என்று பொருள். பகரம் எப்படி ஃபகரம் ஆனது என்று கேட்பீர்கள். 1818-இல் டென்மார்க்கின் ராஸ்கும் 1822-இல் ஜெர்மனியின் யாக்கோப் கிரிமும் விளக்கிய ஒலிமாற்ற விதி இதற்கு விடை. அந்த விதியை ஐரோப்பிய மொழி எதுவும் படிக்காத தமிழரும் சோதித்துப் பார்க்கலாம். தமிழில் நாம் வழங்கும் வடசொற்களான பிதா, பாதம், பஞ்சம் என்பவற்றுக்கு நேராக ஃபாதர், ஃபுட், ஃபைவ் என்பவற்றை வையுங்கள். ஐந்து என்ற பொருளில் பஞ்சாமிர்தத்தில் வரும் பஞ்சத்தைச் சொல்கிறேன். பசு என்பதற்கு நேராகப் பழைய ஆங்கிலத்தில் கால்நடையையும் செல்வத்தையும் குறித்த ‘ஃபெயோ’ நிற்கிறது. ஒரு சொல்லில் மட்டும் நடந்தால் தற்செயல். சொல்லுக்குச் சொல் ஒரே மாதிரி நடந்தால் விதி.

அந்த வேரிலிருந்து வந்த சமஸ்கிருதச் சொல் ‘பார’, அதாவது அக்கரை. அக்கரை காண முடியாதது ‘அபார’. ஒருவரின் திறமையை ‘அபாரம்’ என்று நாம் பாராட்டும்போது, பேருந்துக் கட்டணத்தின் தூரத்து உறவினர் ஒருவரை வாய்விட்டு அழைக்கிறோம். ஆனால் சுமை என்று பொருள்படும் பாரம் வேறு. அது வடமொழியில் வேறு பகரத்தால் தொடங்குவது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தோன்றும். கிரேக்கத்தில் இதே வேர் ‘போரோஸ்’, கடக்கும் வழி. இஸ்தான்புல்லைப் பிளந்து ஓடும் பாஸ்பரஸ் நீரிணையின் பெயரைக் கிரேக்கர் ‘எருதுத்துறை’ என்று பொருள்கொண்டனர். பெயரளவில் அதுவும் ஓர் ஆக்ஸ்ஃபோர்டுதான். வழிபோகும் வணிகரை ‘எம்போரோஸ்’ என்றும், அவர் வந்து சேரும் வணிகத் துறையை ‘எம்போரியோன்’ என்றும் அவர்கள் அழைத்தார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் புவியியலாளர் தாலமி, காவிரிப்பூம்பட்டினத்தைக் ‘கபேரிஸ் எம்போரியோன்’ என்று பதிவு செய்தது இச்சொல்லால்தான். இன்று கடைப் பலகைகளில் ‘எம்போரியம்’ என்று காண்பதும் அதுவே.

தவிர்க்க வேண்டிய ஒரு தவறு

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஓர் ஆசை எழும். எனக்கும் எழுந்தது. தமிழில் ‘பெயர்’ என்ற வினை இடம்விட்டு நகர்வதைக் குறிக்கிறது; புலம்பெயர்தல், இடப்பெயர்ச்சி என்றெல்லாம் சொல்கிறோம். பேச்சில் அது ‘பேர்’ என்று ஒலிக்கக்கூடியது. பொருளும் நெருக்கம், ஒலியும் நெருக்கம். அப்படியானால் ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போயிருக்கலாமே என்று தோன்றும். இப்படி எழுதப்பட்ட பட்டியல்கள் ஏராளமாக உலவுகின்றன. தமிழ் மீதுள்ள பற்றினால் எழுதுகிறார்கள் என்பதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பற்றுக்கு உண்மையான சான்றுகளே அழகு.

சோதிக்கும் முறை எளிது. இன்றைய ஒலியை இன்றைய ஒலியோடு ஒப்பிடாதீர்கள். பழைய வடிவத்தைப் பழைய வடிவத்தோடு ஒப்பிடுங்கள். ‘ஃபேர்’ என்ற ஏகார ஒலி அண்மையில் வந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முன் அது ‘ஃபரன்’. அப்போதே ‘பெயர்’ என்பதிலிருந்து தூரமாகிவிட்டது. அடுத்து, இரு மொழிகளும் சந்தித்த இடத்தையும் காலத்தையும் காட்ட முடியுமா என்று கேளுங்கள். பழைய ஆங்கிலம் பேசியவர்கள் தங்கள் அன்றாட வினைச்சொல்லைத் தமிழரிடம் வாங்கியிருக்க வழியில்லை. அதே வினை ஜெர்மன், டச்சு, ஐஸ்லாந்து மொழிகளிலும் இருக்கிறது. மாறாக, ‘கட்டுமரம்’ ஆங்கிலத்துக்குப் போனதற்குச் சான்று தெளிவாக உண்டு. சோழமண்டலக் கரைக்கு வந்த ஆங்கிலேயர் 17-ஆம் நூற்றாண்டில் எழுதிய குறிப்புகளில் அந்தச் சொல், அந்தப் பொருளோடு, அந்தக் கரையிலேயே பதிவாகியிருக்கிறது. கடன் சொல்லுக்குத் தேவையான சான்று இத்தகையது.

நம் மொழியில் ஒத்த வரலாறு

பிறப்புறவு இல்லாவிட்டாலும், ஒத்த வரலாறு இருக்கலாம். இந்தக் கடைசிப் படி எந்தக் கையேட்டிலும் கட்டாயமானதன்று. ஆனால் நான் இதைத் தவறவிடுவதில்லை. அயல்மொழிச் சொல் ஒன்று வியப்பூட்டும் விதத்தில் பொருள் மாறியிருந்தால், அதே மாற்றம் தமிழில் எங்காவது நடந்திருக்கிறதா என்று தேடுங்கள். நடந்திருந்தால், அந்த மாற்றம் மனித மொழிக்கு இயல்பானது என்று நம்பத் துணிவு வரும்.

‘ஃபேர்’ என்பதற்கு இணையாக நாங்கள் கண்டது ‘செலவு’ என்ற சொல். ‘செல்’ என்ற வினையடி. வா என்பதிலிருந்து வரவு போல, செல் என்பதிலிருந்து செலவு. பழந்தமிழில் அதன் நேர்ப்பொருள் பயணம். பொருள் தேடப் புறப்படும் தலைவன் தலைவியைத் தேற்றும் பொருட்டுப் பயணத்தைச் சற்றே நிறுத்திவைப்பதைச் ‘செலவழுங்கல்’ என்று அகப்பொருள் இலக்கணம் பெயரிட்டது. அது போகாமலே இருந்துவிடுவதன்று என்று தொல்காப்பியம் தெளிவுபடுத்துகிறது. அந்தச் செலவில் காசுக் கணக்கு இல்லை. இன்று நாம் ‘பயணச் செலவு’ என்று எழுதும்போது, பழைய பொருளில் பார்த்தால் ‘பயணப் பயணம்’ என்றே எழுதுகிறோம். ஆனால் யாருக்கும் அது அப்படிப் படுவதில்லை, ஏனெனில் இரண்டாவது சொல் முழுவதுமாகப் பணத்துக்கு மாறிவிட்டது. கைக்கு வருவது வரவு, கையைவிட்டுச் செல்வது செலவு. சந்தையில் ஏற்கப்படாத நாணயம் செல்லாக் காசு.

ஒப்புமை இன்னும் ஆழமாகப் போகிறது. ஆங்கிலத்தில் ‘ஃபரன்’ என்பதன் பிறவினையிலிருந்து ‘ஃபெரி’ வந்தது போல, தமிழில் ‘செல்’ என்பதன் பிறவினை ‘செலுத்து’. படகைச் செலுத்துகிறோம், கட்டணத்தையும் செலுத்துகிறோம். ஆங்கிலச் சொல் உணவையும் குறித்தது என்றேன் அல்லவா? கொங்கு நாட்டுச் சமையலறையில் மிளகு, சீரகம், கொத்தமல்லி முதலிய அரைப்புச் சாமான்களுக்குச் ‘செலவு’ என்றே பெயர். அவற்றை அரைத்து வைக்கும் செலவு ரசம் அப்பகுதியில் புகழ்பெற்றது. இதைக் கேட்டதும் என் அக்காள் மகள் கைதட்டினாள்.

ஆயினும் ஒன்றைத் தாளில் தெளிவாக எழுதிவையுங்கள். இரு சொற்களும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன, வழி வேறு. ஆங்கிலத்தில் செல்பவர் மனிதர். அவர் செல்வதற்கான விலை அந்தச் சொல்லுக்குள் வந்தது. தமிழில் செல்வது பணமே. ஒப்புமையைச் சான்றாக்கிவிடாமல் ஒப்புமையாகவே வைத்திருக்க இந்தக் குறிப்பு உதவும். தமிழ்ச் சொற்களின் பொருள்வரலாற்றுக்கு, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியையும், உறவு மொழிகளுக்குப் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியையும் பாருங்கள். இரண்டும் இணையத்தில் கிடைக்கின்றன.

முறை கைவந்துவிட்டதா என்று அறிய ‘வாயேஜ்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டோம். கடற்பயணம் என்ற பொருளுடைய அது, பழைய பிரெஞ்சின் ‘வெயாஜ்’ வழியாக, ‘வியாத்திகும்’ என்ற இலத்தீன் சொல்லுக்குப் போகிறது. ‘வியா’ என்றால் வழி. வியாத்திகும் என்றால் வழிக்கு வேண்டிய உணவும் பணமும். சாகும் தறுவாயில் உள்ளவருக்குக் கத்தோலிக்கத் திருச்சபை வழங்கும் நற்கருணைக்கு இன்றும் இலத்தீனில் அந்தப் பெயரே வழங்குகிறது. வழியுணவு என்று தமிழில் சொல்கிறார்கள். ‘ஃபேர்’ பயணத்தில் தொடங்கிக் காசில் முடிந்தது. ‘வாயேஜ்’ வழிக்காசில் தொடங்கிப் பயணத்தில் முடிந்தது. அடுத்து ‘ஜர்னி’ என்ற சொல்லைத் தானே தேடுவதாக அவள் தாளை வாங்கிக்கொண்டு போனாள். உங்களுக்கும் அதையே தருகிறேன். தொடங்குவதற்கு ஒரு துப்பு மட்டும்: பிரெஞ்சில் ‘ழூர்’ என்றால் நாள்.